வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள்

எலும்பும் தோலுமான குதிரை ஒன்று வண்டியிலிருந்து இறங்கும்போது பார்ப்பவர் மனம் பதறும். கை தானாகவே தீவன மூட்டைப் பக்கம் போகும். கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டு, தேற்றி, நல்ல இடம் பார்த்து ஒப்படைக்கும் சிறிய லாயம் ஒன்றை நடத்திவருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரக்கம் அவசரப்படக் கூடாது என்பதைத்தான். மாதக்கணக்கில் கெட்ட உடம்பு மாதக்கணக்கில்தான் தேறும். தீவனமோ, குளம்போ, மருந்தோ, புதிய வீடோ, எதிலும் பதற்றம் குதிரைக்கு இன்னொரு ஆபத்தாகத்தான் முடியும்.

தீவனத்தில் அந்த ஆபத்து உயிரையே எடுக்கும். நீண்ட பட்டினியில் கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் தானியத்தை அள்ளிப் போட்டால் இன்சுலின் திடீரென்று பெருகும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை அது உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். ஏற்கெனவே கையிருப்பு வற்றிய உடலில் இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். பட்டினியைத் தாங்கிய குதிரை, தீவனம் கண்ட சில நாட்களில் விழுந்து இறப்பது இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்கள் பலரும் முதல் முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே காரணத்தால் இறந்திருக்கிறார்கள்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு எந்தத் தீவனம் ஏற்றது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் முன்னே நின்றது காய்ந்த குதிரை மசால் என்னும் தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதமும், உடலுக்கு அப்போது அவசரமாகத் தேவைப்படும் பாஸ்பரசும் மக்னீசியமும் அதிகம். முதல் மூன்று நாட்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ அரைக் கிலோ. அதன் பிறகு அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆறாம் நாள்வாக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கலாம். பத்து நாள் கடந்த பிறகுதான் வயிறார விடுவது. நாங்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம், கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரைக்கும் செய்யும் மாற்றங்களோடு. எடை இயல்புக்குத் திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.

காகிதத்தில் இது எளிது. ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை வந்த முதல் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரைக் கிலோ மசாலைச் சில நிமிடங்களில் தின்று முடித்தாள். தரையில் சிந்திய இலைத் துகள்களை உதட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு காலித் தொட்டியை மூக்கால் சுவரோடு தள்ளிக்கொண்டே போனாள். அந்தத் தகரச் சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது. உதவிக்கு வந்திருந்த பையன் கண் கலங்கி, “இன்னும் ஒரு பிடி போட்டால் என்ன ஆகிவிடும், அக்கா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. அந்தச் சத்தத்தை ஒரு இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது லேசான காரியமல்ல. அதனால்தான் எங்கள் லாயத்தில் தீவன அறைக்குப் பூட்டு உண்டு. ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் ஒரு பலகை தொங்கும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் போட்டது என்று அதில் எழுதாமல் யாரும் எதையும் போடக் கூடாது. நல்ல மனம் படைத்த பார்வையாளர் ஒருவர் பையில் கொண்டுவரும் தானியத்துக்குக்கூட இதே விதிதான்.

மெலிவைக் கண்ணால் மட்டும் அளக்காதீர்கள். அடர்ந்த ரோமம் விலா எலும்பை மறைத்துவிடும். புழு மிகுந்த குதிரையின் வயிறு உப்பி, நன்றாக இருப்பதுபோல் காட்டும். 1983-ஆம் ஆண்டு ஹென்னெக் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோல்தான் உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. கழுத்து, முதுகின் மேடு, தோள், விலா, இடுப்பு, வால் தொடங்கும் இடம் என ஆறு இடங்களையும் கையால் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவது. 1 என்றால் உயிருக்கு ஆபத்தான மெலிவு. 5 சரியான உடல். 9 அபாயமான பருமன். வந்த அன்றே இரு பக்கமும், முன்னும் பின்னும் படம் எடுத்து, தேதியோடு குறித்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் இந்தக் குறிப்புதான் பேசும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படம் எடுத்தால், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் தெரியும்.

எடை பார்க்கும் மேடை இல்லையென்றால் அளவு நாடா போதும். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும்; அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்று 160, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 323 கிலோ. இந்தக் கணக்கு மருந்து கொடுக்கும்போது மிகவும் உதவும். மெலிந்த குதிரைக்குப் பூச்சி மருந்தை உத்தேசமாகக் கொடுப்பது பெரிய அபாயம். உடலில் கொழுப்பே இல்லாத குதிரைக்கு மாக்சிடெக்டின் போன்ற மருந்து நஞ்சாகிவிடக்கூடும். குடலில் புழுக்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் செத்தால் குடல் அடைத்துக்கொள்ளும் அபாயம், குறிப்பாகக் குட்டிகளுக்கு, உண்டு. சாணத்தைச் சோதித்து, முட்டை எண்ணிக்கை பார்த்து, எந்த மருந்து, எந்த வாரத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

புறக்கணிப்பு என்றால் மெலிவு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை வாங்காமல், ஓடவும் விடாமல், பசும்புல்லில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்த மட்டக்குதிரைகளையும் நாங்கள் ஏற்றிருக்கிறோம். கழுத்தின் மேல் கொழுப்பு திரண்டு தடித்திருக்கும். முன்குளம்புகளில் பாரம் படாமல் உடலைப் பின்னால் சாய்த்து நிற்கும். குளம்புக்குள் இருக்கும் திசுக்கள் வீங்கி, எலும்பே இடம் பெயரும் நோய் அது. பார்ப்பவர்கள் “நன்றாகத்தானே கொழுகொழு என்று இருக்கிறது” என்பார்கள். அது நிற்கும் ஒவ்வொரு நொடியும் வலி.

குளம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவிவிட வேண்டும். வருடக்கணக்கில் விட்டால் முன்பக்கம் நீண்டு மேல்நோக்கிச் சுருண்டுவிடும். அதை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யக் கூடாது. கோணலான குளம்புக்கு ஏற்பத் தசைநாண்களும் மூட்டுகளும் பழகிப் போயிருக்கும். எக்ஸ்ரே எடுத்து உள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே முறை. மேலிருந்து புதிய குளம்பு முழுதாக இறங்கிவர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். லாடம் கட்டுபவரும் மருத்துவரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே படத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதைவிட இதில் பயனுள்ள வேலை வேறில்லை.

ஒருநாள் காலை, தேறிக்கொண்டிருந்த செவலைக் குதிரை ஒன்று வலது முன்காலைத் தரையில் ஊன்றவே மறுத்தது. மூன்று காலில் நின்று நடுங்கியது. எலும்பு முறிவோ என்று எல்லோரும் பயந்தோம். குளம்பில் கை வைத்தால் சூடு. கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி துடிப்பது தெளிவாகத் தெரிந்தது. லாடம் கட்டுபவர் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, அடிப்பாகத்தை வளைந்த கத்தியால் மெல்லச் சீவினார். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்து கத்தி நுனியை வைத்ததும் சாம்பல் நிறச் சீழ் நாற்றத்தோடு பீறிட்டது. குதிரை நீண்ட பெருமூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, சற்று நேரத்தில் காலை மெதுவாக ஊன்றியது. பிறகு சில நாட்கள் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை ஊறவைத்துக் கட்டுப் போட்டோம். நீண்ட காலம் கவனிக்கப்படாத குளம்பு சீராகி வரும்போது இப்படிச் சீழ் கட்டுவது அடிக்கடி நடக்கும். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது இதற்காகத்தான். அந்த நோய் குதிரையை எளிதில் பிடிக்கும்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று காரியக்காரர்களைப் பழிக்கிறோம். குதிரை அப்படிச் செய்தால் அதைப் பழிக்காதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள். குதிரையின் பல் ஆயுள் முழுக்க வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். சீராகத் தேயாவிட்டால் ஓரங்கள் கத்தியாகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தரையில் கிடந்தால் அதுதான் அடையாளம். அரம் போட்டுத் தேய்த்த பிறகு, அதே தீவனத்திலேயே எடை ஏறிய குதிரைகள் உண்டு.

புதிதாக வரும் குதிரையை மூன்று வாரமாவது தனியே வையுங்கள். தாடைக்கடியில் நிணநீர் முடிச்சுகள் வீங்கிச் சீழ் கட்டும் தொற்று ஒன்று, ஒரே தண்ணீர்த் தொட்டி வழியாக மொத்த லாயத்தையும் படுக்கவைத்துவிடும். காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். குதிரைக்கு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. இந்தத் தொற்றில் காய்ச்சல் வந்து ஓரிரு நாள் கழித்துத்தான் மற்ற குதிரைகளுக்குப் பரவத் தொடங்கும் என்பதால், ஒரு வெப்பமானி மொத்த லாயத்தையும் காப்பாற்றிவிடும். வேலை வரிசையும் முக்கியம். பழைய குதிரைகளை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியில் கவனியுங்கள். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் அதற்கென்று தனி. பெண் குதிரை என்றால் சினைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். எலும்பாக நிற்கும் குதிரையின் வயிற்றில் ஒரு குட்டி இருக்கக்கூடும். அப்படியானால் தீவனத் திட்டமே வேறு.

அடிபட்ட குதிரையின் அச்சம் ஆற உடம்பைவிட அதிக நாள் எடுக்கும். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், மூக்குக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை இல்லை. எனவே தோளை நோக்கி, சற்றுச் சாய்வாக நடந்து போங்கள். அது தலையைத் தூக்கிய இடத்தில் நில்லுங்கள். மூச்சை விட்டு, தலையைத் தாழ்த்தினால், நீங்கள் ஓரடி பின்வாங்குங்கள். அணுகுவதைவிட இந்தப் பின்வாங்கல்தான் பாடம்: நான் பயந்தால் இவர் நெருக்க மாட்டார் என்று அதற்குப் புரிவது அங்கேதான். கையிலிருந்து தின்னக் கொடுக்காதீர்கள். பட்டினி கண்ட குதிரை கையையும் தீவனத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும். பிறகு கடிக்கத் தொடங்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே வரிசையில் வேலை செய்வது எந்தப் பயிற்சியாளரின் வித்தையையும்விடப் பலன் தரும்.

புதியவர்களை எச்சரிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மெலிந்து வரும் குதிரை சாதுவாக இருக்கும். குழந்தை தடவினாலும் அசையாது. “எவ்வளவு சாந்தம்! இதை உடனே யாருக்காவது கொடுத்துவிடலாமே” என்று தோன்றும். அது உண்மையில் பலவீனம். உடம்பில் தெம்பு ஏறி, கால்வலி போன பிறகுதான் அதன் சுபாவம் வெளிப்படும். சில குதிரைகள் துள்ளும், சில உதைக்கும், சில அப்போதும் சாதுவாகவே இருக்கும். முழுதாகத் தேறி, அதன் பிறகும் சில மாதம் கையாண்டு பார்க்காமல் எந்தக் குதிரையையும் நாங்கள் வெளியே கொடுப்பதில்லை. ஆண் குதிரை என்றால் காயடித்த பிறகுதான். அதற்குப் பிறகும் சில வாரம் பெண் குதிரைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

எத்தனை குதிரை என்ற கேள்வி எப்போதும் இருக்கும். 500 கிலோ குதிரை ஒன்று ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் சாணம் போடும். அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்தீவனம் தின்னும். அது 25, 30 வருடம் வாழக்கூடிய பிராணி. நம்மிடம் எத்தனை கொட்டடி இருக்கிறது என்பதைவிட, உதவியாளர் யாரும் வராத ஒரு வாரத்தில் தனியாளாக எத்தனை குதிரையைப் பார்க்க முடியும் என்பதே சரியான கணக்கு. அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றைக்கூட ஏற்காதீர்கள். மீட்பு லாயங்களே அளவு மீறி, கடைசியில் அங்கிருந்து குதிரைகளை வேறு யாரோ மீட்க வேண்டி வந்த கதைகள் உலகெங்கும் நடக்கின்றன. ‘நாளைக்குள் எடுக்காவிட்டால் அவ்வளவுதான்’ என்று தொலைபேசி வரும். அப்போதும் இடமில்லை என்றால் இல்லைதான். ஆனால் பேச்சை அதோடு முடித்துவிட வேண்டியதில்லை. கொஞ்சம் தீவனம் அனுப்பலாம். லாடம் கட்டுபவரை அழைத்துப் போகலாம். வேறு லாயத்தைக் கேட்டுப் பார்க்கலாம். குதிரையைக் கவனிக்காமல் விட்டவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். நோயில் விழுந்தவர், வேலை இழந்தவர், தந்தை வளர்த்த குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர் என்று பலரைப் பார்த்துவிட்டேன். அவர்களைத் திட்டாமல் பேசினால் குதிரை சீக்கிரம் நம் கைக்கு வரும். வரும்போது, உரிமையை விட்டுத் தருவதாக எழுத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுமைதான் என்று தெரிந்தாலும் வேலி தாண்டி அவிழ்த்துக்கொண்டு வராதீர்கள். சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் வழியாகப் போனால்தான் குதிரையை மறுபடி பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டிய நிலை வராது.

சிலவற்றைத் தேற்ற முடியாது. எழவே முடியாமல் படுத்துவிட்ட கிழட்டுக் குதிரை, குளம்புக்குள் எலும்பு அடித்தோலைத் துளைத்துவிட்ட குதிரை என மருத்துவர் கைவிரிக்கும் நிலைகள் உண்டு. அப்போது வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் மீட்புதான் என்று நான் மனமார நம்புகிறேன். அந்த முடிவை நன்கொடை கொடுத்தவர்களின் மனம் நோகுமே என்று தள்ளிப்போடக் கூடாது.

இனி, வீடு தேடுவது. குதிரையைப் பற்றி எழுதும்போது அதன் குறைகளை முதலில் எழுதுங்கள். ‘சவாரிக்கு உதவாது, துணைக்கு மட்டும்’, ‘வண்டியில் ஏற அடம்பிடிக்கும்’, ‘புதியவர்களுக்கு ஏற்றதல்ல’ என்று எழுதினால் விசாரிப்பவர்கள் குறைவார்கள். விசாரிக்கிறவர்கள் சரியானவர்களாக இருப்பார்கள். பார்க்க வருகிறவரிடம் குதிரையைத் தயாராகப் பிடித்துக் கொடுக்காதீர்கள். தலைக்கயிற்றை அவர் கையில் கொடுத்து, அவரே போய்ப் பிடித்து, தேய்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, நடத்திக்கொண்டு வரட்டும். நீங்கள் ஓரமாக நின்று கவனியுங்கள். கேள்விகளால் தெரியாதது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு தந்தை வந்தார். மகளின் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. “உங்கள் ஆசை நல்லதுதான் ஐயா. ஆனால் குதிரையும் பாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நான் கொடுக்க மாட்டேன். அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு முறை விடியற்காலையில், சாணம் அள்ளும் நேரத்தில் வாருங்கள்” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் தேர்ந்தெடுத்த வாட்டசாட்டமான இளங்குதிரை பிடிக்கவில்லை. மூலையில் நின்ற, வயதான, பொறுமையான குதிரையிடம்தான் போய் நின்றாள். சவாரி கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதுதான் சரியான துணை. பல வாரம் வந்து பழகிய பிறகு அதைக் கொடுத்தோம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். இனவிருத்தி செய்யக் கூடாது. எங்களைக் கேட்காமல் விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. நாங்கள் வந்து பார்க்க அனுமதி வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்த நாளிலும் எந்தக் காரணத்துக்காகவும் எங்களிடமே திருப்பித் தரலாம், ஏன் என்று கேட்க மாட்டோம். இந்தக் கடைசி விதிக்காகவே ஒரு கொட்டடியை எப்போதும் காலியாக வைத்திருக்கிறோம். திரும்பி வந்தால் அவமானம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் குதிரையை மறுபடி பட்டினி போடுவதைவிட, வந்துவிடுவது எவ்வளவோ மேல். குதிரை கூட்டமாக வாழும் பிராணி என்பதால், வேறு குதிரையே இல்லாத இடத்துக்குத் தனியாக அனுப்புவதில்லை.

அனுப்பும் நாளில் எங்கள் தீவனத்தில் பத்து நாளுக்கானதைக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். புதிய தீவனத்தை அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினால்தான் வயிற்றுவலி வராது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் வயிற்றில் கோளாறு வந்தால் அது எளிதில் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். கடைசியாக லாடம் கட்டுபவர் வந்த தேதி, பூச்சி மருந்தின் பெயர், தடுப்பூசிக் குறிப்பு, அது பயப்படும் பொருட்கள், சொறிந்துவிட்டால் அதற்குப் பிடிக்கும் இடம் வரை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். முதல் வாரத்தில் பெரும்பாலும் நல்ல செய்திதான் வரும். மூன்றாவது வாரம்போல் ஒரு அழைப்பு வரும்: “அம்மா, இது முன்புபோல் இல்லை, பிடிக்கப் போனால் விலகிப் போகிறது.” புது இடத்தில் எல்லை எது என்று குதிரை சோதித்துப் பார்க்கும் காலம் அது. அந்த அழைப்புக்கு உடனே கிளம்பிப் போய், இரண்டு மணி நேரம் கூட இருந்து, எப்படி நடந்து போவது, எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறோம். அதன் பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருட முடிவில் ஒரு முறை போய்ப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆறு இடத்திலும் கை வைத்துப் பார்த்து, அதே நோட்டுப் புத்தகத்தில் மதிப்பெண்ணை எழுதிவைக்கிறோம்.